அடுக்களை மிச்சமும் கொல்லைப்புறக் கோழியும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொழுது புலருமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நாம் பால்வெட்டுக்குப் புறப்படுகிறோம். நாம் நிரையில் நின்று மரம் வெட்டிக்கொண்டிருக்கும் வேளையில், வீட்டிலுள்ள பாட்டியோ பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையோ கொல்லைப்புறத்துக் கூட்டைத் திறந்துவிடுகின்றனர். கோழிகள் சிறகடித்து வெளியே வருகின்றன. முதல் நாள் இரவு மிஞ்சிய சோறு அவற்றின் முன் விழுகிறது. நமக்குப் பழகிப்போன காட்சி இது. பழகிப்போனதாலேயே இதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இன்று அதைச் சற்றுச் சிந்திப்போம்.

பல்லாண்டுகள் கோழி வளர்த்ததில் நாம் கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்று அடுக்களை மிச்சத்தைப் பற்றியது. மற்றொன்று அடுத்த வீட்டைப் பற்றியது. முதற்பாடத்தை எளிதில் கற்றோம். இரண்டாவதைக் கற்பதற்குப் பெரிய விலை கொடுத்தோம்.

சிறு சேமிப்பு

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அந்நாள்களில் நம் வருவாயும் சுருங்குகிறது. ஆனால் மழையென்று கோழி முட்டையிடாமல் இருப்பதில்லை. பிள்ளைக்குக் காலையில் ஒரு முட்டை, திடீரென்று வந்த விருந்தினருக்கு ஒரு குழம்பு, பிள்ளைபெற்ற பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சமைத்த கம்பத்துக் கோழி, முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று எத்தனையோ தேவைகளுக்கு நம் குடும்பங்கள் கொல்லைப்புறத்தையே நம்பியிருக்கின்றன. பள்ளி திறக்கும் காலத்தில் நான்கு கோழிகளை விற்றுப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கிய தாய்மார்கள் நம்மிடையே உண்டு. வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் அவர்களுடைய சேமிப்பு கோழிக்கூட்டில் இருந்தது.

கடையில் விற்கும் கோழியும் முட்டையும் எந்நாளும் எளிதில் கிடைக்கும் என்று எண்ணுதல் ஆகாது. பண்ணைக் கோழிகள் உண்ணும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏறியதாலும் கோழி போதாததாலும் 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அவ்வாண்டின் இறுதியில் முட்டைக்கும் தட்டுப்பாடு நேர்ந்து, தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டைகள் கப்பலேறி வந்தன. அந்நாள்களில் கொல்லையில் ஐந்து கோழி வைத்திருந்த வீடு அவ்வளவாகத் தடுமாறவில்லை.

மிச்சம் தீனியாகுமா?

ஆகும். ஆயினும் மிச்சம் மட்டுமே போதுமா என்றால், போதாது.

நாம் போடும் சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிராம் சோற்றில் முப்பது கிராம் அளவே உண்மையான உணவு. அதிலும் புரதம் மிகக் குறைவு. முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு புரதம் வேண்டும். அரிசியிலோ ஏழு பங்கு அளவே உள்ளது. சோற்றை மட்டும் தின்னும் கோழிக்கு வயிறு நிறையும், உடலில் கொழுப்பும் ஏறும். ஆனால் முட்டை குறையும். "தின்கிறதே தவிர முட்டை இடவில்லை" என்று நாம் கோழியைக் குறை கூறுகிறோம். குறை கோழியிடத்தில் இல்லை.

ஆகவே சோற்றோடு வேறு சிலவற்றையும் சேர்த்தல் நன்று. தவிடு, குருணை, நறுக்கிய முருங்கையிலை, கீரைத்தண்டு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை ஆகியவை நல்லவை. தேங்காய்ச் சக்கையை அன்றே போட்டுவிட வேண்டும். மறுநாள் அது சிக்கு நாற்றம் எடுக்கும். நெத்திலித் தலையில் புரதம் மிகுதி, உப்பும் மிகுதி. நீரில் நன்கு ஊறவைத்துக் கழுவிய பிறகு சிறிதளவு போடலாம். உப்பு மிகுந்தால் கோழிக்கு நஞ்சு.

நமக்குப் பெரியோர் கற்றுத் தந்த ஒரு வழியும் உண்டு. பழைய மண்பானையில் ஈர வைக்கோலையும் சாணத்தையும் நிரப்பி, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சிறந்த தீனி இல்லை. ஆனால் பானையை வீட்டிலிருந்து தொலைவில், பட்ட மரக்கட்டை அருகில் வைக்க வேண்டும். பலகை வீட்டுக்குக் கரையானை அழைத்து வந்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

முட்டையோட்டை எறிந்துவிடாதீர்கள். ஓர் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணச்சத்து இருக்கிறது. அதை அடுப்பில் வறுத்து, உரு தெரியாதபடி நொறுக்கித் தீனியில் கலந்தால் அடுத்த முட்டையின் ஓடு உறுதிப்படும். உரு தெரியும்படி போட்டால் கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

போடத்தகாதவை

பூசணம் பிடித்த சோறு, ரொட்டி, நிலக்கடலை ஆகியவற்றைக் கோழிக்குப் போடவே கூடாது. பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். "வீணாகிறதே, கோழியாவது தின்னட்டும்" என்ற எண்ணமே பல கோழிகளைக் கொன்றிருக்கிறது. பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் நஞ்சு உண்டு. ரப்பர் விதையும் அவ்வாறே. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோல், வேகாத அவரை வகை, தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை ஆகியவையும் வேண்டா.

தோட்டத்துக்கே உரிய ஆபத்துகளும் உள்ளன. களைக்கொல்லி தெளித்த இடத்தில் கோழியை மேயவிடாதீர்கள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும், தெளிக்கப்படும் பிற மருந்துகளும் நஞ்சே. மருந்து வந்த தோம்பையும் கலனையும் வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எலிக்கு வைக்கும் மருந்தும், ரப்பர் பாலை உறையச் செய்யும் அமிலமும் கோழிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தீனியை அரை மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுவோம். மிஞ்சியதை மாலைக்குள் அள்ளிவிடுவோம். இரவில் கிடக்கும் சோறு எலியை அழைக்கும். எலியின் பின்னால் பாம்பு வரும். எலிக்காய்ச்சலும் எலியால் வருவதே. தண்ணீர் வைக்கும் சிரட்டையையும் மங்கையும் நாள்தோறும் கழுவி நீர் மாற்றுவோம். இல்லையேல் கோழிக்கு வைத்த நீரில் டிங்கிக் கொசு வளர்ந்து நம் பிள்ளைகளைக் கடிக்கும்.

நாம் செய்த தவறு

இனி இரண்டாவது பாடம். 1980களின் நடுப்பகுதி. நாம் அப்போது பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பின்புறம் ஒரு கால்வாய். அதன் ஓரத்தில் எல்லா வீட்டு அடுக்களை மிச்சத்தையும் கொட்டும் மேடு. பன்னிரண்டு வீட்டுக் கோழிகளும் அங்குதான் கூடிக் கிளறும். கூட்டில் இருக்கும்போதுதான் அவற்றுக்கு வீட்டுக் கணக்கு. மேட்டில் அவை ஒரே மந்தை.

ஒருநாள் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பெட்டைக் கோழியை வாங்கிவந்து நம் கோழிகளோடு விட்டோம். நான்கைந்து நாள்களில் அது தீனி எடுக்காமல் மூலையில் ஒடுங்கியது. கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. சாவதற்குள் அறுத்துவிடுவோம் என்று அறுத்துச் சமைத்தோம். இறகையும் குடலையும் எங்கே போட்டோம் தெரியுமா? எல்லோரும் கொட்டும் அந்த மேட்டிலேயே போட்டோம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏளனம் செய்வார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். "ஒரு கோழிதானே" என்ற அலட்சியம் மறுபுறம்.

பத்து நாள்களில் வரிசையே காலியாயிற்று. கழுத்து முறுக்கிக்கொண்டு, இறக்கை தொங்கி, கோழிகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. அடுத்த வீட்டு அக்காள் தம் மகளின் தலைப்பிரசவத்துக்கென ஆறு பெட்டைகளை ஓராண்டாக வளர்த்திருந்தார். வளைகாப்பு முடிந்து மகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு கோழிகளும் மூன்றே நாளில் மாண்டன. அவற்றைக் குழி தோண்டிப் புதைக்க நாம் மண்வெட்டியோடு சென்றோம். அப்போதுதான் நடந்ததை அவரிடம் ஒப்புக்கொண்டோம்.

அவர் சினந்து பேசவில்லை. "தம்பி, கோழி சாவது உலகத்தில் இல்லாததா? உன் கோழிக்கு நோய் வந்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்திருப்பேனே!" என்றார். வேறொன்றும் கூறவில்லை. ஏசியிருந்தால் நாம் மறந்திருப்போம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சொற்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நோய்க்கு வேலி இல்லை

அந்நோய் வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் நோய் என்றும் நியூகாசல் நோய் என்றும் கூறுவர். மலாய் மொழியில் சம்பார் என்பர். 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்ட நோய் அது. வந்தபின் தீர்க்க மருந்து இல்லை. தடுப்பு மருந்து உண்டு.

கம்பத்துக் கோழியைக் காக்கும் முயற்சியில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. மேயும் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்திடுவது எளிதன்று. தடுப்பு மருந்தும் வெயிலில் கெட்டுவிடும். ஆகவே வெப்பத்தைத் தாங்கும் ஒருவகைத் தடுப்பு மருந்தைத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் ஆராய்ச்சியை, 1980களில் செர்டாங்கிலிருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் கூடி நடத்தினர். ஏழை வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிக்காக அறிஞர்கள் உழைத்தனர் என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இங்கு ஓர் உண்மையைக் கவனியுங்கள். கண்ணில் விடும் தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிகளுக்கு மேல் போதுமான மருந்து இருக்கும். அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். பன்னிரண்டு வீட்டார் கூடினால் ஆளுக்குச் சில வெள்ளியில் எல்லாக் கோழிகளுக்கும் மருந்து கிடைக்கும். ஒருமுறை போட்டது வாழ்நாள் முழுவதும் காக்காது. எப்போது மீண்டும் போடுவது என்பதைக் கால்நடை இலாகா அலுவலகத்தில் கேட்டறிவோம்.

அந்த ஆண்டுக்குப் பின் நம் வரிசையார் அவ்வாறே செய்தனர். நோயில்லாத கோழிகளை இருட்டியபின் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்போம். ஒருவர் பிடிக்க, ஒருவர் தலைவிளக்கின் ஒளியில் கண்ணில் ஒரு சொட்டு விடுவார். குழந்தைகளுக்கு அது திருவிழா. அடைவைத்த முட்டைகளையும் ஏழாம் நாள் அதே விளக்கின் முன் பிடித்துப் பார்ப்போம். சிலந்தி வலைபோல் நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை. மரம் வெட்ட வாங்கிய விளக்கு இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கவும் துணை நின்றது.

சொல்லிவிடுவோம்

அன்பர்களே, 2004ஆம் ஆண்டு கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய நோய். கோழி மாள்வது எந்த நோயினால் என்று கண்ணால் பார்த்து நாம் முடிவு செய்ய இயலாது. ஆகவே நோயுற்ற கோழியை அறுக்க வேண்டா, விற்கவும் வேண்டா. செத்ததைக் கால்வாயில் எறிய வேண்டா. பிள்ளைகளைத் தொடவிட வேண்டா. பல கோழிகள் ஒருங்கே மாண்டால் உடனே கால்நடை இலாகாவுக்குத் தெரிவித்து, அவர்கள் கூறும் முறையில் அப்புறப்படுத்துவோம். புதிதாக வாங்கிவரும் கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைப்போம். அடுக்களை மிச்சத்தைப் பொது மேட்டில் கொட்டாமல், அவரவர் கூட்டருகே அவரவர் கோழிக்குப் போடுவோம்.

இவை யாவற்றுக்கும் மேலாக, கூட்டில் ஒரு கோழி ஒடுங்கி நின்றால் அன்றே அடுத்த வீட்டில் சொல்லிவிடுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்குப் பணச் செலவும் இல்லை. கோழி அவரவர் உடைமையாக இருக்கலாம். நோய் எல்லோருக்கும் பொது. நமக்கும் அடுத்த வீட்டாருக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு வார்த்தை சென்றால், ஒரு தாயின் ஓராண்டு உழைப்பு காப்பாற்றப்படும்.

அன்று அக்காளின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோழி வாங்கக் கடைக்குத்தான் சென்றோம். அடுத்த ஆண்டு நம் கூட்டில் பொரித்த முதல் குஞ்சுகளில் ஆறினை அவர் வீட்டுக் கூட்டில் விட்டோம். கடன் தீர்ந்ததா என்பது தெரியாது. அவர் பெற்றுக்கொண்டார், அதுவே நமக்குப் போதுமாக இருந்தது.