ஒரு சொல், இரு தொழில்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'ஹார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அதைப் பற்றிச் சபையிற் பேசவும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் எம் இளைஞரைப் பரீட்சை மண்டபத்திலும், உத்தியோக விண்ணப்பத்திலும், நேர்முகப் பரீட்சையிலும் அடிக்கடி வழுக்கி விழச் செய்யும் சொல் அதுவே.

வேலை தேடும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். "நான் கடினமாக உழைப்பேன்" என்று மனதிலே தமிழில் வகுத்துக்கொண்டு, "ஐ வில் வொர்க் ஹார்ட்லி" என்று விண்ணப்பத்தில் எழுதுகிறான். 'ஹார்ட்லி' என்பதற்கு இன்று வழங்கும் பொருள் 'இல்லையென்னும் அளவுக்கு' என்பதாகும். உழைப்பை உறுதி கூற எழுதிய வாக்கியம் உழைக்கமாட்டேன் என்பதுபோல் ஒலிக்கிறது. வாசிப்பவர் சிரித்துவிட்டுத் தாளை ஒருபுறம் வைத்துவிடுகிறார். ஒரு குடும்பத்தின் நம்பிக்கை இரண்டெழுத்து விகுதியிலே தடுக்கி விழுகிறது.

இப்பிழை அறிவின்மையால் வருவதன்று. எம் தாய்மொழியின் ஒழுங்கை ஆங்கிலத்திலும் தேடுவதால் வருவது. தமிழிலே 'அழகான பெண்' என்கிறோம். 'அழகாகப் பாடினாள்' என்கிறோம். பெயருக்கு முன் 'ஆன'. வினைக்கு முன் 'ஆக'. ஆங்கிலத்தில் இந்த 'ஆக' எங்கே என்று தேடும் மாணவன் '-லி' என்னும் விகுதியைக் கண்டுபிடிக்கிறான். 'ஸ்வீட்' என்பது 'ஸ்வீட்லி' ஆகிறது. 'கைண்ட்' என்பது 'கைண்ட்லி' ஆகிறது. ஆகவே 'ஹார்ட்' என்பதும் 'ஹார்ட்லி' ஆகவேண்டும் என்று முடிவு செய்கிறான். அவன் தருக்கத்திலே குறையில்லை. குறை இருப்பது அந்த மொழியின் சரித்திரத்தை அவனுக்கு எவரும் சொல்லாமையிலே.

அச்சரித்திரம் சுருக்கமானது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பெயரைச் சிறப்பிக்கும் சொல்லின் ஈற்றிலே ஓர் எகரத்தைச் சேர்த்தால் அது வினையைச் சிறப்பிக்கும் சொல்லாகிவிடும். 'ஹார்ட்', 'பாஸ்ட்' என்பவற்றின் பழைய வடிவங்கள் இவ்விதமே இரட்டையாக வழங்கின. 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்த நூற்றாண்டுகளில் ஈற்றுயிர்கள் சிறிது சிறிதாகத் தேய்ந்தன. 1400ஆம் ஆண்டிற் காலமான சோசர் என்னும் கவிஞரின் செய்யுளோசைக்கு அந்த எகரம் இன்னும் வேண்டியதாயிருந்தது. அதன்பின் பேச்சில் அது முற்றாக மறைந்தது. எகரம் மறைந்ததும் இரு சொற்களும் ஒன்றாயின. எனவே 'ஹார்ட்' விகுதியை இழந்த சொல்லேயன்றி விதியை மீறிய சொல் அன்று.

'-லி' விகுதியின் பிறப்பும் சுவையானது. உடலைக் குறித்த ஒரு பழஞ்சொல்லின் வழியே அது வந்தது. பிரேதத்தைக் கொண்டுவருவோர் இறக்கி வைக்கும் கூரையிட்ட தேவாலய வாயிலுக்கு 'லிச் கேட்' என்று பெயர் வந்ததும் அச்சொல்லாலேயே. உடலைக் குறித்தது 'அவ்வுருவுடைய', 'அதுபோன்ற' என்று பொருள் விரிந்து விகுதியாயிற்று. எகரம் மறைந்தபோது வினைக்குரிய அடையாளமாக இவ்விகுதி எங்கும் பரவியது. ஆனால் அன்றாடம் வழங்கிய சில சொற்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 'பாஸ்ட்' என்பதற்கு இன்றும் '-லி' வடிவம் வழக்கில் இல்லை. மேலும் 'பிரெண்ட்லி' என்பது இவ்விகுதியை உடையதாயினும் பெயரையே சிறப்பிக்கிறது. 'ஏர்லி' என்பதோ இரு தொழிலும் செய்கிறது. ஆகவே விகுதியை மாத்திரம் நம்பி நடப்பவன் ஏமாறுவான்.

'ஹார்ட்லி' ஏன் எதிர்ப்பொருள் கொண்டது? அதற்கு விடை எம் தமிழிலேயே இருக்கிறது. 'அரிது' என்றால் செய்தற்குக் கடினமானது. எளிதிற் காணக் கிடைக்காதது என்றும் பொருள். "அவர் அரிதாகவே வருவார்" என்றால் வருவது குறைவு என்றே கொள்ளுகிறோம். கடினமாகக் கிடைப்பது குறைவாகவே கிடைக்கும். ஆகவே கடினத்தைச் சொன்ன சொல் குறைவைச் சொல்ல வந்தது. 'ஹார்ட்லி' நடந்த வழியும் இதுவே. முதலிற் கடுமையாக என்றும், பின் வருத்தப்பட்டு என்றும், ஈற்றில் இல்லையென்னும் அளவுக்கு என்றும் அது பொருள் கொண்டது. 'அரிது' என்னும் சொல்லை அறிந்த தமிழ் மாணவனுக்கு 'ஹார்ட்லி' இனி மறக்குமோ?

'பாஸ்ட்' என்னும் சொல் இன்னும் அருமையானது. விரைவு அதன் முதற்பொருள் அன்று. உறுதி என்பதே முதற்பொருள். சாயம் போகாத துணியை ஆங்கிலத்தில் 'பாஸ்ட் கலர்' என்பது இதனாலேயே. அயர்ந்து தூங்குபவனை 'பாஸ்ட் அஸ்லீப்' என்பதும் இதனாலேயே; தூங்குபவன் ஓடுவதில்லையே! உறுதியாகப் பற்றித் தொடர்வது என்ற கருத்திலிருந்து விரைந்தோடுவது என்ற கருத்துப் பிறந்தது. உபவாசத்தைக் குறிக்கும் 'பாஸ்ட்' என்பதும் இதே வேரினதே. ஒரு நியமத்தை உறுதியாகப் பிடிப்பது உபவாசம். கந்தசட்டிக்கு விரதம் 'பிடிக்கிறோம்' என்று நாம் சொல்வதில்லையா? இரு சாதியார் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கருத்தை வந்தடைந்திருக்கின்றனர்.

ஒரு சொல் பெயருக்கும் வினைக்கும் பொதுவாய் நிற்பது தமிழருக்குப் புதிதன்று. உரிச்சொல் பெயரோடும் வினையோடும் சார்ந்து வரும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். 'நனி இன்பம்', 'நனி மகிழ்ந்தான்' என்பவற்றில் 'நனி' உரு மாறவில்லை; அடுத்து நிற்கும் சொல்லே அதன் தொழிலைக் காட்டுகிறது. இவ்விருவகை ஆங்கிலச் சொற்களுக்குப் பெயருரிச்சொல், வினையுரிச்சொல் என்று தமிழிற் பெயரிட்டோர் இவ்வொற்றுமையை உணர்ந்தே இட்டனர் போலும். 'ஹார்ட் வொர்க்' என்பதில் 'ஹார்ட்' பெயருரி. 'வொர்க் ஹார்ட்' என்பதில் அதுவே வினையுரி.

இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டியன சிலவே. 'ஹார்ட்', 'பாஸ்ட்', 'லேட்', 'நியர்', 'ஹை' என்பன உரு மாறாமல் இரு தொழிலும் செய்யும். 'லேட்லி' என்றால் அண்மைக் காலத்தில். 'நியர்லி' என்றால் ஏறக்குறைய. 'ஹைலி' என்றால் மிகவும். "பஸ் லேட்லி வந்தது" என்ற கருத்தில் எழுதுபவன் பஸ் பிந்தியதைச் சொல்லவில்லை.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். "கோ ஸ்லோ" என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஸ்லோலி என்று சொல்" என அதட்டுவோர் எம்மிடையே உளர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வீதியோரப் பலகைகளில் 'டிரைவ் ஸ்லோ' என்றே எழுதியிருக்கிறது. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நாம் காலைதோறும் கேட்ட 1611ஆம் ஆண்டு வேதாகம மொழிபெயர்ப்பிலும் 'எக்சீடிங்' என்னும் சொல் '-லி' இன்றியே 'மிக' என்ற பொருளில் வருகிறது. 1762ஆம் ஆண்டு ஆங்கில இலக்கண நூலொன்றை வெளியிட்ட றொபேட் லௌத் என்பவர், பெயருரியை வினையுரியாக வழங்குதல் தகாது என்றார். அவர் பின்னர் லண்டன் மேற்றிராணியாராயிருந்தவர். அவரைப் போன்றோரின் கண்டிப்பு பாடசாலைகளில் வேரூன்றிற்று. ஆயினும் மக்கள் நாவில் வழங்கிய சொற்களை அதனால் முற்றாக அகற்ற முடியவில்லை.

நாம் இதைச் சொல்வது இலக்கணம் வேண்டாம் என்பதற்கன்று. காரணமறியாத விதி பயத்தைத் தருகிறது. காரணமறிந்த விதி துணிவைத் தருகிறது. சபையிலே ஒரு பிழை சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவன் மறுமுறை எழுந்து பேசுவதில்லை. அவன் வாய் அடைபட்டபின் அவனுடைய அறிவால் யாருக்குப் பயன்? பிழையைக் கண்டால் சிரிப்பதை விடுத்து, அருகழைத்துக் காரணத்தைச் சொல்லுவோம். தமிழை ஆழமாகக் கற்றவனுக்கு ஆங்கிலம் அந்நியமாகத் தோன்றாது என்பதையும் உணர்த்துவோம். 'ஹார்ட்லி' அன்று, 'ஹார்ட்' ஆகவே உழைப்போம்.