போத்தல் நீரும் ஊர்க் கிணறும்

வாசலில் வந்து நிற்பவர் யாவராயினும், முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அவர் களைப்பை ஆற்றுவது யாழ்ப்பாணத்து இல்லங்களின் நெடுங்கால வழக்கம். அத்தண்ணீர் அவ்வீட்டுக் கிணற்றினது. இன்றோ, கலியாணப் பந்தலிலும் கூட்ட மேடையிலும் ஆசுப்பத்திரிக் கட்டிலின் அருகிலும் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்த நீரே காணப்படுகின்றது. கிணற்று நீர் ஐயத்துக்குரியது, போத்தல் நீர் ஐயமற்றது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது என்பதே இப்பேச்சில் ஆராயப்படுவது.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கிணற்று நீரைப் பற்றிய அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. வெடிப்புள்ள பாறை மழைநீரை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகின்றதோ, அவ்வளவு எளிதாக அழுக்கையும் விடுகின்றது. தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடப்படும் செயற்கை உரமும், கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்பட்ட மலக்குழியும் நீரிலே நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. ஒரு லீற்றர் நீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மாவைக் கரைத்துப் புகட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமிகள் மடியும், நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவே மிகும்.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததும் மறக்கற்பாலதன்று. அங்குள்ள அனல் மின்னிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாயிற்று. கிணறிருந்தும் மக்கள் பவுசர்களில் வந்த நீருக்காகக் காத்து நின்றனர். மின்னிலையத்தை நடத்திய கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய இடர்க்காலங்களில் போத்தல் நீர் பெருந்துணை என்பதை எவரும் மறுக்கார். நோயாளிக்கு மருந்து வேண்டும். ஆயினும் மருந்தையே அன்றாட உணவாகக் கொள்வார் இல்லை.

இனி, போத்தலின் உள்ளே இருப்பது யாது என்று நோக்குவோம். அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கடைகளில் விற்கப்படும் போத்தல் நீரைப் பரிசோதித்து, 2024 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். ஒரு லீற்றர் நீரில் சராசரி 240,000 பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் புலனாகாத அளவு நுண்ணியவை. இவை உடலில் விளைக்கும் கேடு இவ்வளவினது என்று அறுதியிட்டுரைக்கச் சான்று போதாது என்றே உலக சுகாதார தாபனம் 2019 ஆம் ஆண்டில் கூறியது. கேடு நிறுவப்படவில்லை என்பது கேடில்லை என்பதாகாது. மேலும், இவ்வகைப் போத்தலைச் செய்யும்போது அந்திமனி என்னும் பொருள் சேர்க்கப்படுகின்றது. சாதாரணமாக அது நீரில் மிகச் சிறிதளவே கசியும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறும். கடைவாசலில் வெயிலிலே அடுக்கப்பட்ட போத்தல்களையும், பூட்டிய காருக்குள் நாட்கணக்கிற் கிடக்கும் போத்தலையும் கண்டோர் இதன் பொருளை எளிதில் உணர்வர்.

நீரைக் குடித்து முடித்ததும் போத்தலின் கதை முடிவதில்லை. உலகில் ஓராண்டிற் பயன்படும் இவ்வகைப் போத்தல்களும் கலங்களும் ஏறத்தாழ 60,000 கோடி எனவும், அவற்றால் விளையும் கழிவு 2 கோடி 50 இலட்சம் தொன் எனவும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. எறியப்பட்ட போத்தல் மண்ணில் மக்குவதில்லை. எரித்தாற் புகை நஞ்சாகும். மதகிலே விட்டால் வெள்ளம் தேங்கும். மாரி மழையில் ஒரு மிடறு நீர் அதனுள் தங்கினும் டெங்கு நுளம்பு முட்டையிடப் போதும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதை எண்ணும்போது, வேலியோரத்து வெறும் போத்தலும் அற்பப் பொருளன்று என்பது விளங்கும்.

இவை யாவற்றினும் பெரிய கேடு வேறொன்று உண்டு. போத்தல் நீர் வானுலகிலிருந்து வருவதன்று. அதுவும் ஏதோ ஓர் ஊரின் நிலத்தடியிலிருந்தோ ஊற்றிலிருந்தோ எடுக்கப்படுவதே. வசதியுள்ளோர் யாவரும் போத்தலை நாடிவிட்டால், ஊர்க் கிணறு கெட்டதென்று முறையிட எவர் எஞ்சுவர்? வாங்க வகையற்ற கூலித் தொழிலாளியும் அவன் பிள்ளைகளும் அக்கிணற்றையே குடிப்பர். சுன்னாகத்து வழக்கு நீதிமன்றம் ஏறியது, அக்கிணறுகளை நம்பி வாழ்ந்த ஊர் குரலெழுப்பியமையாலும் அன்றோ?

ஆதலின் செய்யத்தக்கவை சில உள. குடிக்கும் கிணற்றின் நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பித்து, குற்றம் இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும். குற்றம் கிருமியாயின் குளோரீன் இடுதலும், கொதித்தாறிய நீரைப் பருகுதலும் போதும். நைத்திரேற்று மிக்கதாயின், அந்நீரைக் குழந்தைக்குக் கொடாது, பரிசோதித்த குழாய் நீரையோ தூய்மையாகச் சேமித்துக் கொதித்தாறிய மழைநீரையோ கொள்ளவேண்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டிருத்தலால், குழாய் நீர் பெறும் வாய்ப்பு முன்னையிலும் மிகுந்துள்ளது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் கையில் உருக்குப் போத்தலைக் கொடுத்தனுப்பலாம். மலக்குழியைக் கிணற்றுக்கு எட்ட வெட்டுதலும், உரத்தை அளவறிந்து இடுதலும், கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றாதிருத்தலும் ஒவ்வொரு வீட்டாரும் தொழிலாளரும் கைக்கொள்ளத்தக்க கடமைகளாம்.

குடாநாட்டின் நன்னீர் ஒரே பாறையில் ஊறுவது. ஒரு வளவிற் சேர்ந்த அழுக்கு அடுத்த வளவின் கிணற்றிலும் தோன்றும். தன் வீட்டுக்குப் போத்தலை வாங்குவதால் அப்பாறையை எவரும் தூய்மைப்படுத்த இயலாது. ஊரார் ஒன்றுகூடிக் கிணற்றைக் காத்தாலன்றி, வாங்குவோர்க்கும் வாங்கவியலாதார்க்கும் நாளைக்கு நல்ல தண்ணீர் இல்லை.