பெயரறிந்து வெட்டுதல்



குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்துக் கடற்கரை ஊர் அலங். காம்பாத் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே கடல் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். ஆயுள் முடிந்த கப்பலை, கடல் பெருகி நிற்கும் நேரம் பார்த்து, வேகமாக ஓட்டிவந்து கரையில் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் அது சேற்றில் அமர்ந்துவிடும். 1983இல் இங்கே தொடங்கிய கப்பல் உடைப்புத் தொழில் இது. உலகின் மிக நீளமான கப்பலாக விளங்கிய, 458 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல் 'சீவைஸ் ஜெயன்ட்' 2009 டிசம்பரில் கரையேறியது இங்கேதான். நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் 'விராட்' 2020இல் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

இங்கு வரும் கப்பல்களை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள். வயல்காட்டில் வளர்ந்த பிள்ளைகள். கையில் இரும்பை வெட்டும் தீச்சுடர்க் கருவியான டார்ச்சைப் பிடிக்கப் பழகுவதற்கு முன்னால் அவர்கள் பழகவேண்டிய இன்னொன்று உண்டு. அதுதான் கப்பலின் சொற்கள். உடைப்புத் தொழிலில் சொல்லறிவை நான் ஒரு கைத்தொழிலாகவே மதிக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

கப்பலை உடைக்க வாங்குகிறவருக்கு ஒரு சொல் முக்கியம்: எல்.டி.டி. சரக்கும் எரிபொருளும் நீங்கலாக, வெறுங்கப்பலின் எடை அது. அந்த டன் கணக்கில்தான் விலை பேசுவார்கள். கடலில் ஓடிய காலமெல்லாம் எவ்வளவு சுமக்கும் என்று கேட்கப்பட்ட கப்பல், இங்கே எவ்வளவு எடை என்று மட்டும் கேட்கப்படுகிறது. ஆனால் வெட்டுகிறவருக்கு எடை போதாது. இந்தத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியவேண்டும். அதைச் சொல்வது அந்த இடத்தின் பெயர்.

எளிய சொல்லிலிருந்து தொடங்குவோம். கப்பலில் ஏன் இடது, வலது என்று சொல்வதில்லை? எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடமும் வலமும் மாறிப்போகும். ஆகவே, முன்முகம் பார்த்து நிற்கையில் இடப்புறம் எதுவோ அது என்றைக்கும் போர்ட், வலப்புறம் ஸ்டார்போர்ட். பல டன் எடையுள்ள துண்டு அறுந்து விழப்போகும் நேரத்தில் "இடது பக்கம் போ" என்று கத்தினால், ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். "போர்ட்" என்றால் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத அறைகள். கப்பலின் வெளித்தகட்டுக்கும் உள்தரைக்கும் நடுவே உள்ள இடம் டபுள் பாட்டம்; அதில் எரிபொருளோ, கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் நிறைநீரோ இருக்கும். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே விடப்படும் வெற்றிடம் காஃபர்டேம். வெற்றிடம் என்று பெயர்தான். பக்கத்துத் தொட்டியில் கசிவிருந்தால் வாயு அதில் வந்து தங்கிவிடும். தொட்டி கழுவிய எண்ணெய்க் கழிவு சேருமிடம் ஸ்லாப் டேங்க். எண்ணெய்க் கப்பலின் ஆழத்தில் இருப்பது பம்ப் ரூம். காற்றைவிடக் கனமான வாயு அங்கே அடியில் படிந்து கிடக்கும். நான்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இரும்புச் சுவர். பெயர் தெரிந்தவருக்கு நான்கும் நான்கு விதமான எச்சரிக்கைகள்.

கப்பலின் வகை தெரிவதும் இப்படித்தான். மொத்தச் சரக்குக் கப்பலான பல்க் கேரியரில் சரக்கறைகள் விசாலமானவை, வேலை எளிது என்று தோன்றும். ஆனால் அறையின் மேல்மூலைகளிலும் கீழ்மூலைகளிலும் தொட்டிகள் ஒளிந்திருக்கும். குளிர்சாதனக் கப்பலின் சுவருக்குள் ஃபோம் அடைத்திருப்பார்கள். ஒரு பொறி பட்டால் உள்ளுக்குள்ளேயே புகைந்து பரவும். கார் ஏற்றும் கப்பலில் தளத்துக்கு மேல் தளமாக, குறுக்குச் சுவர் குறைந்த நீண்ட கூடங்கள். தீயைத் தடுத்து நிறுத்த இடமில்லை. பழைய பயணிகள் கப்பல் என்றால் அறைச் சுவர்களில் கல்நார் இருக்கும். 1960இல் பிரான்சில் நீரில் இறக்கப்பட்ட 'ஃபிரான்ஸ்' என்ற சொகுசுக் கப்பல் 'புளூ லேடி' என்ற பெயரில் அலங்குக்கு வந்தபோது, அதிலிருந்த கல்நாரை முன்னிட்டு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது.

எண்ணெய்க் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது 2016 நவம்பர் 1ஆம் தேதியை நினைக்காமல் இருக்க முடியாது. பாகிஸ்தானின் கடானிக் கடற்கரையில் வெட்டிக்கொண்டிருந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. 26 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எண்ணெய் ஏற்றிய கப்பல் என்ற ஒரு செய்தியே, தொட்டி கழுவி, வாயு போக்கி, அளந்து பார்த்துச் சான்றிதழ் தரும்வரை டார்ச்சைப் பற்றவைக்காதே என்ற கட்டளைதான்.

சொல் தெரிந்தால் மட்டும் உயிர் தப்பிவிடுமா? தப்பாது. "இங்கே வெட்டமாட்டேன்" என்று சொல்லும் தொழிலாளியின் கூலியும் வேலையும் பறிபோகக் கூடாது. அதற்குச் சட்டம் வேண்டும். 2009இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கப்பலில் ஆபத்தான பொருள் எது, எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது கட்டாயமாக்குகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் அலுவலக அலமாரியில் இருந்தால் யாருக்குப் பயன்? ஒடியா பேசுகிறவருக்கு ஒடியாவில், போஜ்புரி பேசுகிறவருக்கு போஜ்புரியில், கப்பலின் படத்தைக் காட்டி, இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லவேண்டும். பயிற்சி என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான்.

கப்பலின் சொற்களைக் கற்றுத்தருவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. வள்ளத்தின் முன்பகுதிக்கு அணியம் என்ற சொல் தமிழில் உண்டு. மீனவர் வீட்டுக் குழந்தை இத்தகைய சொற்களைத் தகப்பனோடு கடலுக்குப் போகும் முன்பே அறிந்துகொள்கிறது. உழவர் வீட்டிலிருந்து அலங்குக்குப் போன இளைஞனுக்கு அப்படிச் சொல்லித்தர ஒரு தகப்பன் இல்லை. அந்தக் கடனை வேலை வாங்குகிறவர்தான் ஏற்கவேண்டும்.

பெரிய கப்பலின் அணியத்துக்கு உள்ளே ஒரு சிறிய அறை உண்டு. நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் செயின் லாக்கர். அங்கே எண்ணெய் இல்லை, நெருப்பு இல்லை, வாடைகூட இல்லை. ஆனால் பூட்டிய அறையில் சங்கிலி துருப்பிடிக்கும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துரு எடுத்துக்கொண்டுவிடும். இறங்கியவர் சத்தமில்லாமல் சரிவார், தூக்கப்போனவரும் சரிவார். அந்த வாயிலில் இரண்டு பேர் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அது இருட்டறை. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்குவார். மற்றவருக்கு அது செயின் லாக்கர்; வாயிலிலேயே நின்று, காற்றை அளக்கும் கருவி வரட்டும் என்று சொல்லி அனுப்புவார். அலங்கில் இறங்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டாமவராக இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.