யானையிறவு: வாயிலும் வழியும்



குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் முதன்மையான நிலவாயில் யானையிறவு. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழமற்ற இந்நீரேரியைக் கடத்தி, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றினர் முன்னோர். வாயிலைக் காக்க ஒல்லாந்தர் அங்கே சிறு கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் ஆட்சியில் எல்லைக்காவல் தேவையற்றுப் போகவே, அக்கோட்டை வழிப்போக்கர் விடுதியாயிற்று. அமைதிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சுதந்திரத்தின் பின் அங்கே மீண்டும் படைமுகாம் எழுந்தது. 1991இல் அதனை முற்றுகையிட்டுத் தோற்ற விடுதலைப் புலிகள், 2000 ஏப்ரலிற் கைப்பற்றினர். 2009 ஜனவரியில் அரசபடை மீட்டது. இருதரப்பிலும் எத்தனை இளைஞர் மடிந்தனர்! வாயில் அடைபட்ட காலத்தில் நமது வெங்காயமும் புகையிலையும் தென்னிலங்கைச் சந்தைக்கு வழியின்றித் தேங்கின. நம் மக்கள் இருளிற் படகேறிக் கிளாலிக் கடலைக் கடந்தனர்.

இன்று ஏ-9 வீதி திறந்திருக்கிறது. 2014இற் புகையிரதமும் யாழ்ப்பாணம் மீண்டது. ஆயினும் படை அகலவில்லை; போர்ச் சின்னங்களே வழிப்போக்கரை வரவேற்கின்றன.

போர் முடிந்த நாட்டில், மக்கள் நடுவே எல்லைக்காவல் எதற்கு? கோட்டை அன்று விடுதியானதுபோல, முகாமும் மக்களுக்குப் பயன்படும் இடமாகட்டும். நாம் கேட்பது வெற்றிச் சின்னமன்று. என்றும் அடைபடாத வழி!