தவளையின் இதயமும் மனிதனின் மனமும்



பொத்தானை அழுத்தியதும் மின்விளக்கு எரிகிறது. நம் உடலின் நரம்புகளும் மின்கம்பிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் பலர் கருதினர். ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால் அதனை மறுத்தார். மூளைத் திசுவுக்கு வெள்ளி உப்பினால் நிறமேற்றி நுண்ணோக்கியில் கண்ட அவர், நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்று நிலைநாட்டினார். அங்ஙனமாயின், ஓர் அணு முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி இருத்தல் வேண்டுமன்றோ? 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவ்விடைவெளியைக் கண்ணுக்கே காட்டியது. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம்.

செய்தி இவ்விடைவெளியைக் கடப்பது எப்படி? மின்பொறி தாவுகிறது என்றனர் ஒரு சாரார். ஏதோ ஒரு இரசாயனப் பொருள் சுரந்து செல்கிறது என்றனர் மற்றொரு சாரார். ஆங்கில அறிஞர்கள் இவ்விரு கட்சிகளுக்கும் 'தீப்பொறி' என்றும் 'சாறு' என்றும் வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தனர். சாற்றுக் கட்சிக்கு வெற்றி தேடித் தந்தவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லூவி.

அவர் செய்த சோதனையின் எளிமையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டார். ஒன்றில் வேகஸ் என்னும் நரம்பு ஒட்டியிருந்தது. மற்றொன்றில் நரம்பே இல்லை. முதல் இதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டவே, அதன் துடிப்பு தளர்ந்தது. இது முன்பே அறிந்த செய்தி. லூவி அந்த இதயத்தில் இருந்த உப்புநீரை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் தளர்ந்து துடித்தது! இனி ஐயத்துக்கு இடமேது? நரம்பின் கட்டளை நீரில் கரைந்து வந்திருக்கிறது. 1921-ல் வெளியான இச்சோதனையின் முறை தமக்குக் கனவில் தோன்றியதாக லூவி பிற்காலத்தில் கூறினார். முதல் இரவு கிறுக்கி வைத்த குறிப்பு காலையில் அவருக்கே விளங்கவில்லையாம். மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வரவே, விடியும்வரை காத்திராமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாராம். கனவை நம்பித் தேர்வுக்குச் செல்ல நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவ்வினா பல ஆண்டுகளாக அவர் உள்ளத்தில் கிடந்த வினா.

அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1936-ல் லூவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1938-ல் நாஜிகள் யூதரான லூவியைச் சிறையிலிட்டு, அப்பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டுப் போகவிட்டனர்.

இத்தகைய பொருள்களையே இன்று நரம்புக்கடத்திகள் என்கிறோம். நரம்பணுவின் முனையில் நுண்ணிய பைகளில் இவை அடைபட்டுக் கிடக்கின்றன. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் பைகள் திறந்து சரக்கைக் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் அதற்கென்றே அமைந்த ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் அது சிதைக்கப்படும், அல்லது வந்த வழியே உறிஞ்சப்படும். இவை யாவும் இமைப்பொழுதுக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

இனி நம் நாட்டுச் செடி ஒன்றைக் காண்போம். சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப்பிரமைக்கு மருந்தாகக் கொடுத்து வந்தனர். 1931-ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதன் பயனை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டனர். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பைன் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அது சுவீடனில் அர்விட் கார்ல்சன் கைக்கு எட்டியது. ரிசர்பைன் ஊசி போட்ட முயல்கள் காதுகள் தொங்க அசைவற்றுக் கிடந்தன. நரம்புப் பைகளில் சரக்கு தங்காதபடி அது செய்துவிட்டிருந்தது. பின்பு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் முயல்கள் எழுந்து நடமாடின! எல்-டோபா மூளைக்குள் புகுந்து டோபமின் என்னும் கடத்தியாக மாறுவது. டோபமினையே நேராகச் செலுத்தினாலோ, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள காவலை அது கடக்காது. இது நிகழ்ந்தது 1957-ல்.

கைகால் நடுங்கி, உடல் விறைத்து, நடை தளரும் பார்க்கின்சன் நோயின் மூலம் இங்கேதான் இருந்தது. அந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை 1960-ல் வியன்னா அறிஞர்கள் கண்டனர். எல்-டோபா இன்றும் அதற்கு முதன்மையான மருந்து. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு வந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1952-ல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசைன் என்னும் மருந்தால், இல்லாத குரல்கள் கேட்டு அல்லலுற்ற நோயாளர் பலரை அமைதியுறச் செய்தனர். அம்மருந்து டோபமினின் ஏற்பிகளை அடைப்பது என்று பின்னர்த் தெரிந்தது. அளவு மிகுந்தால் பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கம் வருகிறது. அவ்வாறே எல்-டோபா மிகுந்தால் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. துலாக்கோலின் இரு தட்டுகளையும் இங்கே ஒருங்கே காண்கிறோம்.

ஆயினும் மனநோய் எல்லாம் ஏதோ ஒரு சாறு குறைந்ததால் வருவது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இன்றைய ஆராய்ச்சி அதை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை சில மணி நேரத்தில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. இடையில் மூளை தன்னையே மெல்லத் திருத்தி அமைத்துக்கொள்கிறது போலும். பரம்பரை, இளமையில் பட்ட துயர், வறுமை, தனிமை ஆகியனவும் நோயில் பங்கு கொள்கின்றன. மருந்தோடு பரிவான பேச்சும் மருத்துவமாவது அதனால்தான்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 25-க்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் திடீரென்று யாருடனும் பேசாதவனானான். சுவருக்கு அப்பால் தன்னை ஏசுகிறார்கள் என்றான். எட்டு மாதம் அவனை ஊர் ஊராக அழைத்துச் சென்று மந்திரித்தார்கள். பின்னரே மாமன் ஒருவர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றார். "மாத்திரை தின்றால் என் பிள்ளை வேறு ஆளாகிவிடுவானா, ஐயா?" என்று அவன் தந்தையார் என்னிடம் கேட்டார். தவளை இதயத்தின் கதையை அவரிடம் சொன்னேன். நரம்புக்குள் சுரப்பதும் அவன் உடலின் சரக்கே, மருந்து அதன் அளவைச் சீர் செய்கிறது என்றேன். அரைமனத்தோடுதான் தலையசைத்தார். அவ்வாலிபன் இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறான். இரவு உணவுக்குப் பின் அவனுக்கு மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைப்பவர் அந்தத் தந்தையார்தாம்.