யாரைக் கேட்பது?



நம் தொம்மலூர்த் தெருவில் விளக்கு எரியவில்லை. யாரைக் கேட்போம்? மாநகராட்சியைக் கேட்போம். அது நம் ஓட்டால் அமைய வேண்டிய சபை. ஊரே ஒரு கம்பெனியின் கையில் இருந்தால் யாரைக் கேட்பது?

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய இடங்களிலிருந்து தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. காவலாளியும் கம்பெனி ஆள். 1902-இல் மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு அதன் பிறகுதான் வந்தது. ஆனால் எதிர்த்துக் கேட்க வழி இல்லை.

1930-இல் தொழிலாளர் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். தங்களைத் திருடர் போல நடத்துகிறார்களே என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓட்டு இல்லாதவர்களுக்கு வேறு வழி ஏது? 1956-இல்தான் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது.

இது பழைய கதைதானே என்று எண்ண வேண்டாம். நகரங்களை ஆளத் தேர்ந்தெடுத்த சபை வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. இது 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு விலக்கும் வைத்தார்கள். தொழில் நிறுவனங்களே வசதி செய்து தரும் இடத்தைத் தொழில் நகரம் என்று அறிவிக்கலாம். அங்கே நகராட்சித் தேர்தல் தேவை இல்லை.

ஓசூர் சாலையில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டி 2013-இல் அப்படி ஆனது. 'எல்சிட்டா' என்ற ஆணையம் அங்கே சொத்து வரி வாங்குகிறது. சாலையையும் விளக்கையும் பார்த்துக்கொள்கிறது. அதன் உறுப்பினர்கள் நியமனம் ஆனவர்கள். சாலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் தள்ளுவண்டிக்கு இடம் இல்லை என்று அவர்கள் முடிவு செய்தால், வண்டிக்காரர் அவர்களை ஓட்டால் மாற்ற முடியாது.

தொம்மலூரிலும் 2020-க்குப் பின் ஐந்து ஆண்டுகள் மாநகராட்சித் தேர்தல் நடக்கவில்லை. தேர்தலைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

இன்னொரு வழியும் உண்டு. அது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசு அமைத்த ஆணையத்திடம் குடிமக்கள் யாரும் கேள்வி கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டினால் போதும். வரிப் பணம் எங்கே போனது? முடிவு எடுத்தவர் யார்?

அன்று கைரேகை கேட்டார்கள். இன்று நமக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வாருங்கள், முதல் மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.