கட்டாக்காலி நாய்களும் நமது ஆட்டுப்பட்டியும்



வன்னிக் கிராமமொன்றிலோ தீவகத்திலோ ஒரு குடும்பத்தின் சேமிப்பு எங்கே இருக்கின்றதென்று வினவினால், வங்கியில் என்னும் விடை எப்பொழுதும் வராது. கொட்டிலில் என்று வருவதும் உண்டு. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு ஒரு கிடாய், மாரிக்கு முன் கூரை வேய்வதற்கு இன்னொன்று என விற்று வாழும் வீடுகள் பல. அச்சேமிப்பை ஓர் இரவில் அழித்துவிட வல்லவை கட்டாக்காலி நாய்கள். விடியற்காலையில் கொட்டிலைத் திறப்பவர், ஆடுகள் தொடையும் தொண்டையும் கிழிந்து கிடப்பதைக் காண்பார். அவற்றுள் ஒன்றேனும் முழுமையாகத் தின்னப்பட்டிராது. பசி ஒன்றினால் மாத்திரம் நாய் ஆட்டைக் கொல்வதில்லை. அடைபட்டு அங்குமிங்கும் ஓடும் ஆட்டைக் கண்டதும், கூட்டமாகச் சேர்ந்த நாய்களுக்குத் துரத்தும் இயல்பு கிளர்ந்துவிடும். ஓட்டம் நிற்கும்வரை கடியும் நிற்காது. தனியே வாலைக் குழைத்துக்கொண்டு திரியும் நாயே நான்கைந்துடன் கூடும்பொழுது வேறொரு விலங்காகிவிடுகின்றது. இவற்றுட் பல காட்டிலிருந்து வந்தவையுமல்ல. பகலில் யாரோ ஒருவருடைய முற்றத்தில் உறங்கி, இரவிற் படலை திறந்திருப்பதனால் வெளியேறுபவையே.

கிடுகு வேலி மறைப்புக்கு நன்று. நாயைத் தடுக்க அது போதாது. வேலியைத் தாண்டுவதிலும் அடியிற் கிண்டிப் புகுவதே நாய்க்கு எளிது. ஆதலின், ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை அடிப்பவர், அதன் அடிப்பகுதியில் ஓரடி அகலத்தை வெளிப்புறமாக மடித்து மண்ணுட் புதைத்துவிட வேண்டும். வேலியோரத்திற் கிண்டும் நாயின் நகம் வலையிலே தட்டுப்படும். பின்னே தள்ளி நின்று கிண்டவேண்டுமென்று பெரும்பாலும் அதற்குத் தோன்றுவதில்லை. வலை வாங்க வசதியில்லாதவர் பனங்கருக்கு மட்டைகளை நெருக்கமாக நட்டு, அடியிலே கல் அடுக்கலாம். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்திற் சலாகைத் தளமிட்டு அமைக்கும் பரண் கொட்டில் இதனினும் சிறந்தது. மாரியில் ஈரம் ஏறாது. புழுக்கையும் கீழே விழுந்து தோட்டத்துக்கு உரமாகும். சலாகைகளின் இடைவெளியிற் குட்டியின் கால் சிக்காதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். வேலியில் ஒரு பொட்டு விழுந்தால் அதனை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். வெளியிலே மேய்ச்சலுக்குக் கட்டிய ஆடு கயிற்றின் நீளத்துக்கு மேல் ஓட இயலாது. நாய்க்கூட்டம் திரியும் ஊரில் அதனைக் கண்காணாத இடத்திற் கட்டுவது தகாது.

பசு கன்றீன்றதும் இளங்கொடியை உமலிற் கட்டி ஆலமரத்தில் உயரத் தொங்கவிடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு. அதற்குக் கூறப்படும் காரணம் எதுவாயினும், நாய்க்கு இரத்தத்தின் சுவையும் மணமும் எட்டாதபடி செய்வது அதனால் விளையும் ஒரு நன்மையே. ஆனால் அதே ஊரில் இறைச்சிக் கழிவையும் மீன் குடலையும் ஒழுங்கை மூலையிற் கொட்டுகின்றோம். நாய்க்கூட்டத்தை ஊட்டி வளர்ப்பது அந்த மூலையேயன்றி வேறன்று. கழிவைப் புதைப்பதற்கு இரண்டடி ஆழக் குழி போதும்.

நஞ்சு வைப்போர் சிலர் உளர். நஞ்சுண்ட இறைச்சியை அயலவருடைய நாயும் தின்னும், பூனையும் தின்னும். சிறு பிள்ளையின் கையிலும் அது அகப்படலாம். இறந்த நாய்களின் இடத்துக்கோ, உணவு கிடைக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும். நாய் ஏறத்தாழ 63 நாளிற் குட்டியீனும். பெட்டைக்குட்டி வேண்டாமென்று சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவருவோர், அடுத்த ஆண்டின் கூட்டத்தையே அங்கு விட்டுவருகின்றனர். கருத்தடை செய்வித்தலும், ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தலும், இரவிற் கட்டி வைத்தலும் நாய் வளர்ப்போர் கடன். ஓரூரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால், விசர்நோய் நாய்க்கு நாய் பரவுவது அற்றுப்போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மாண்டனர். அத்தொகை இன்று மிகக் குறைந்துவிட்டதற்கு நாய்களுக்கு ஏற்றிய ஊசியும், கடியுண்டோருக்கு ஏற்றிய ஊசியுமே பெருங்காரணங்கள். ஆயினும் இந்நோயின் குறி ஒருவரிடத்தே தோன்றியபின் அவரைப் பிழைக்க வைக்க வைத்தியத்துக்கு ஏறக்குறைய வழியே இல்லை.

விசர்நாய் கடித்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்நோய் வரும். பசு வாயில் நுரை ஒழுக, விழுங்க இயலாமல் நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கியது போலுமென்று வாய்க்குட் கையை விடுவது நம்மவர் வழக்கம். இந்நிலையில் அது பெரும் ஆபத்து. அம்மாட்டைத் தனியே கட்டிவிட்டுக் கால்நடை வைத்தியரை அழையுங்கள். அதன் பாலைக் குடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

இனிப் பிள்ளைகள். நாயைக் கண்டு ஓடினால் அது துரத்தும். அசையாது நின்று, அதன் கண்ணை உற்றுப் பாராமல், மெல்லப் பின்வாங்குமாறு பழக்குங்கள். சைக்கிளிற் செல்பவர் இறங்கி, சைக்கிளைத் தமக்கும் நாய்க்கும் இடையே பிடித்துக்கொள்ளலாம். விழ நேர்ந்தால், சுருண்டு படுத்துக் கழுத்தையும் முகத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் வேண்டாம். கழுவியதும் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். குறித்த நாட்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல், கட்டி வைக்க இயலுமாயின் இரண்டு வாரம் கட்டி வைத்துப் பார்ப்பது வைத்தியருக்கு உதவும்; அதற்காக ஊசியைப் பிற்போடுவதா என்பதை வைத்தியரே முடிவுசெய்வார்.

கவனிக்க வேண்டியது இன்னுமொன்று உண்டு. நாய்க்குக் கல் எறிந்தேன் என்று சொன்னால் அடி விழுமென அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். நோய் வெளிப்பட இரண்டு மூன்று மாதம் செல்லக்கூடும். அதற்குள் கீறல் ஆறி, அடையாளமும் மறைந்துவிடும். ஆகவே, நாய் கடித்ததென்று பிள்ளை சொல்லும் அன்று ஏசாதீர்கள். மாலையிற் கால் கழுவும்பொழுது காலையும் கையையும் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.